கொல்லைக்குப் போன சாட்சி

நந்தினி தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி, ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு முதுகைக் காட்டி, முழங்கால்களை ஒட்டி வைத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"ஏன்டி இப்டி குந்திகினு கீற?" என்றேன்.

"சும்மா இரு. அவங்க வரும்போது நாம பார்த்துட்ட மாதிரி இருக்கக் கூடாது."

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

ஜமுனாமரத்தூரில் பஸ் மாறி, இறங்கி, சேற்றில் அரை மணி நேரம் நடந்து பூங்காவனம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தோம். தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் ஈரக் கோழி வாடை. கோர்ட்டில் கேஸ் தோற்றவர்களை வீடு தேடிப் போய்ப் பேச வேண்டும் என்பது நந்தினியின் யோசனை. என் யோசனை இல்லை என்பதாலேயே எனக்குக் காலையிலிருந்து அது பிடிக்கவில்லை.

வீட்டில் அக்காவின் கணவர் மட்டும் இருந்தார்.

"அக்கா இல்லீங்களா?"

"கொல்லைக்கு போயிருக்குது. குந்துங்க, வந்துடும்."

குந்தினோம். கால் மணி போனது. அரை மணி போனது. அவர் வரக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார், குடித்தோம். ஒரு மணி நேரம் ஆனதும் நந்தினி என் காதருகே குனிந்து, ரொம்ப அக்கறையாக, "ரேவதி, அவங்களுக்கு வயிறு ரொம்ப மோசமா இருக்கோ? என் பையில மாத்திரை இருக்கு. இவர்கிட்ட கொடுக்கட்டுமா?" என்றாள்.

"இன்னாத்துக்குடி மாத்திரை?"

"ஒரு மணி நேரம் ஆச்சேடி, கொல்லைக்குப் போயி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நந்தினிக்குக் கும்பகோணம் பக்கம். அங்கே கொல்லை என்றால் வீட்டின் பின்பக்கம். கொல்லைக்குப் போகிறேன் என்றால் ஒதுங்கப் போகிறேன் என்று அர்த்தம். எங்கள் பக்கம், கீழே ஆலங்காயத்திலும் சரி, மேலே மலையிலும் சரி, கொல்லை என்றால் நிலம். சாமை போடுகிற, கொள்ளு போடுகிற மானாவாரி நிலம். வீட்டிலிருந்து ஒரு மேடு ஏறி இறங்கினால்தான் வரும்.

நான் சிரித்த சிரிப்பில் கோழிகள் நாலு பக்கமும் ஓடின. அக்காவின் கணவர், "இன்னா பாப்பா, இன்னா ஆச்சி?" என்றார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து அக்கா வந்தார். தலையில் சாக்கு, கையில் களைக்கொத்து, முழங்கால் வரை சேறு.

விஷயத்தைக் கேட்டதும், "அடக் கடவுளே! ஒரு மணி நேரம் அங்கியே குந்திகினு இருந்தா களைய யாருமா எடுக்கறது?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நந்தினியும் முகம் சிவந்து சிரித்தாள். திடீரென்று நிறுத்தினாள். அக்கா கையிலிருந்த களைக்கொத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ரேவதி. அந்தத் தீர்ப்புல 'கொல்லைப்புறம்'னு இருந்துச்சுல்ல?"

என் சிரிப்பும் நின்றது. அவள் முகம் புதையல் எடுத்தவள் முகமாக இருந்தது. என் ஊர் மண்ணில், என் ஊர் வார்த்தையில், என் கண்ணெதிரில் எடுத்திருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மாத்திரையை நானே வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

ஜட்ஜுக்குப் படிக்காத பொண்ணு

இந்த வாரம்தான் முதல் முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக: நான் அரசியல் அறிவியல் ஆராய்ச்சி மாணவி. நீதிபதிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. என் அம்மா தெரு முழுக்க "எம் பொண்ணு ஜட்ஜுக்குப் படிக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறாள். முதல் இரண்டு தடவை திருத்தினேன். மூன்றாவது தடவை திட்டு விழுந்தது. விட்டுவிட்டேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தது கல்லூரியில். அரசியலமைப்பு வகுப்பில் சார் ஒரு நாள், "ஒரு நீதிபதி எதை வைத்து முடிவெடுக்கிறார்?" என்று கேட்டார். முதல் பெஞ்ச் "சட்டம்" என்றது. இரண்டாம் பெஞ்ச் "சாட்சியம்" என்றது. நான் கடைசி பெஞ்சிலிருந்து, "அன்னிக்கி அவரோட மூடு சார்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "நிரூபி" என்றார்.

அதைத்தான் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன். அதற்காக நான் கண்டுபிடித்த வழி எண்ணுவது. ஒவ்வொரு தீர்ப்பையும் எடுத்து எக்செல் ஷீட்டில் ஒரு வரியாகப் போடுவேன். யார் வாதி, யார் பிரதிவாதி, நிலமா, குடும்பமா, அடிதடியா, நீதிபதி எந்த ஊர்க்காரர், காலையில் கேட்டாரா, சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டாரா, கடைசியில் என்ன காரணம் எழுதினார். காரணத்துக்கு மட்டும் பத்து விதம் வைத்திருந்தேன். 'ஆவணம் இல்லை' ஒன்று. 'சாட்சி முரண்' ஒன்று. தீர்ப்பைப் படிக்க வேண்டியது, கட்டத்தில் எண்ணைத் தட்ட வேண்டியது, அடுத்தது.

என் வேகத்துக்கு எங்கள் துறையில் ஆளே கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

நந்தினியின் ஷீட்டைத் திறந்தால் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும். "இந்தக் கேஸ் எனக்கு இன்னும் புரியலடி" என்பாள். புரியாமல் என்ன? ஜெயித்தார், தோற்றார். ரெண்டே ரெண்டு. கோர்ட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க ஒரே கேஸைக் கேட்பாள். மத்தியானம் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தோற்றவர்களோடு டீ குடிப்பாள். டீ குடிப்பதற்கு ஆராய்ச்சி என்று பேர் வைத்திருக்கிறாள் என்று ஹாஸ்டலில் நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே கைடு. அந்த அம்மா என் ஷீட்டைப் பார்த்து, "குட்" என்பார். நந்தினியின் நோட்டைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உட்காரும்மா, சொல்லு" என்பார். எனக்கு அந்தக் கண்ணாடியைக் கழற்றுவது கிடைத்ததே இல்லை.

கும்பகோணத்துச் செல்வாக்கு

மலைக் கேஸ்களில் பல கீழே ஒரு கோர்ட்டுக்கு வரும். ஊர்ப் பெயர் எழுத மாட்டேன். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து கவனிக்க அனுமதி வாங்க நாய் மாதிரி அலைந்தது நான். முதல் நாள் நீதிபதியைச் சேம்பரில் பார்க்கப் போனபோது, அவர் நான் நீட்டிய கடிதத்தைப் படித்தார். நந்தினியைப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்றார்.

"கும்பகோணம் பக்கம் சார்."

"அட, நம்ம ஊரு! உட்காருங்க."

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. நான் கடிதத்தின் ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் காவிரியில் தண்ணீர் வந்ததா என்று பேசினார்கள்.

நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். சாட்சிகளிடம் குரலை உயர்த்த மாட்டார். வயதானவர்களுக்கு ஸ்டூல் போடச் சொல்வார். எரிச்சலில் நான் அவரைப் பற்றித் தப்பாக எழுதினால் அது பொய்.

வீட்டில் கதை இன்னும் மோசம். ஆராய்ச்சிக்காக நந்தினி வந்து தங்கியது எங்கள் வீட்டில்தான். ஆலங்காயத்தில், பெரிய கடைகள் முடிகிற இடத்தில், அப்பாவின் சைக்கிள் கடைக்கு மேல் ரெண்டு ரூம். வந்த மூன்றாம் நாள் அம்மா முறுகல் தோசையை அவள் தட்டில் போட்டுவிட்டு, நடுவில் வெந்தும் வேகாமலும் வந்ததை எனக்குப் போட்டாள்.

"இன்னாம்மா இது?"

"அந்தப் பொண்ணு எப்டி சிந்தாம துன்னுது பாரு. நீயும் கீறியே, ஆடு மேஞ்ச மாதிரி."

"நானு உன் பொண்ணும்மா."

"அதான் எனக்கும் சந்தேகமா கீது."

நந்தினி தோசையைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். ஒரு கெட்ட குணமாவது அவளிடம் இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள்

இப்போது பூங்காவனம் அக்காவின் கேஸ்.

அவர் நிலத்தின் ஓரத்தில் ரெண்டு புளியமரங்கள். அவை அக்காவுக்குச் சேர்ந்தவையா, பங்காளி கோவிந்தனுக்குச் சேர்ந்தவையா என்று தகராறு. ஒரு வருடம் கோவிந்தன் ஆட்களைக் கூட்டிவந்து புளியை உலுக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா கோர்ட்டுக்குப் போனார். மரத்தில் ஆள் ஏறியதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அக்காதான்.

அக்கா கூண்டில் ஏறிய நாளில் நந்தினி ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். நான் மட்டும் கடைசி பெஞ்சில் பச்சை அட்டை நோட்டோடு இருந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சாட்சி பேசுவதை வாய் வார்த்தையாக அப்படியே கிறுக்கிக்கொண்டே போவேன். அது ஆராய்ச்சிக்காக அல்ல. கை சும்மா இருந்தால் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

அக்கா சொன்னது இது: "நானு கொல்லையில கொள்ளு புடுங்கிகினு இருந்தேன்ங்க. மரத்துமேல ரெண்டு பேரு ஏறி உலுக்கிகினு இருந்தாங்க. கீழ கோயிந்தன் நின்னுகினு இருந்தாரு."

கோர்ட்டில் சாட்சி சொல்வது அப்படியே பதிவாகாது. நீதிபதி கேட்டு, அதை எழுத்துத் தமிழாக்கி, டைப்பிஸ்ட்டுக்குச் சொல்வார். அவர் சொன்னது இது: "சம்பவத்தின்போது நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன். எதிர்வாதி ஆட்களை வைத்துப் புளி உலுக்கியதை நேரில் பார்த்தேன்."

கொள்ளு போய்விட்டது. வழக்குக்குத் தேவையில்லாத விஷயம் என்று அவர் நினைத்திருப்பார். கொல்லை மட்டும் கொல்லைப்புறம் ஆகி உள்ளே போய்விட்டது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "ஏம்மா, உங்க வூட்டாண்ட நின்னா அந்த மரம் தெரியுமா?"

அக்காவுக்கு அது என்ன கேள்வி என்றே புரியவில்லை. சிரித்துக்கொண்டே, "வூட்டாண்ட நின்னா எப்டிங்க தெரியும்? நடுவுல மேடு மறைக்குதே!" என்றார்.

அவருடைய வக்கீலும் சிரித்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள். அவர் காதிலும் கொல்லை என்றால் நிலம்தான். கேள்வி கேட்கத் தெரியாமல் கேட்கிறான் என்று நினைத்து, விட்டுவிட்டார்.

கடைசியில் டைப் செய்ததை அக்காவுக்குப் படித்துக் காட்டினார்கள். "கொல்லைப்புறத்தில் இருந்தேன்" என்றதும் அக்கா, "ஆமாங்க, கொல்லை பக்கம்தான்" என்று தலையாட்டினார். நீதிபதியும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஒரே வார்த்தைக்கு அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சரி என்றோம். நீதிபதி மனதில் ஒரு வீட்டின் பின்பக்கம், எங்கள் மனதில் ஒரு நிலம்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வீட்டின் கொல்லைப்புறத்தில் இருந்ததாகச் சொன்ன வாதியே, வீட்டருகே நின்றால் மரம் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே அவர் பார்த்ததாகச் சொல்வது நம்பும்படி இல்லை. தள்ளுபடி.

நான் என்ன செய்தேன்? ஷீட்டைத் திறந்து, 'சாட்சி முரண்' கட்டத்தில் எண்ணைத் தட்டினேன். அடுத்த தீர்ப்புக்குப் போனேன்.

தோளில் இருந்த பை

மறுபடி அக்கா வீட்டு வாசலுக்கு வருகிறேன். தூறல். களைக்கொத்து. நந்தினியின் முகம்.

அவள் என்னைக் கோழிக்கூண்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "ஜட்ஜுக்கும் எனக்கு வந்த குழப்பம்தான்டி வந்திருக்கு. அன்னைக்கு நீதானே கோர்ட்ல இருந்த? அவங்க என்ன சொன்னாங்க, வார்த்தைக்கு வார்த்தை?"

பச்சை நோட்டு என் பையில் இருந்தது. பை என் தோளில் இருந்தது.

"ஞாபகம் இல்லடி."

"எழுதுவியே நீ?"

"அந்த நோட்டு ஹாஸ்டல்ல கீது."

பொய் அவ்வளவு லேசாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை. இந்த வார்த்தை என்னுடையது. நான் நடக்கத் தெரிந்ததிலிருந்து கொல்லைக்குப் போகிறவள். நான் கண்டுபிடித்திருக்க வேண்டியது. தெரிந்த வார்த்தை என்பதாலேயே எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாத வார்த்தை, அதனால் கேட்டது. இது என்ன நியாயம்?

ஊருக்குத் திரும்பியதும் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். நந்தினிக்கு முன்னால் கைடிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு சொல், ஒரு தீர்ப்பு. கண்ணாடியைக் கழற்ற வைக்கிற கட்டுரை.

இதற்கு நடுவில் நந்தினி அக்காவின் வக்கீலைப் போய்ப் பார்த்துவிட்டாள். அப்பீல் போட முடியுமா என்று கேட்டாள். "போடலாம்மா. ஆனா கூண்டுல அந்தம்மா உண்மையில இன்னா சொன்னாங்கன்னு காட்ட எதுவுமே இல்லியே. டைப் பண்ணதுல அந்தம்மா கைரேகை கீதே" என்றாராம் அவர். அப்பீலுக்குக் கெடு இருக்கிறது, நாள் ஓடுகிறது என்றும் சொன்னாராம். நந்தினி தினமும் என்னிடம் கேட்பாள்: "ஹாஸ்டல்ல யாரையாவது நோட்டைத் தேடச் சொன்னியா?"

"சொல்லிட்டேன். தேடறாங்க."

இப்படி மூன்று வாரம்.

ஒரு படி சாமை

ஜமுனாமரத்தூர் சந்தை நாள். கட்டுரைக்காக மலை ஆட்கள் நாலு பேரிடம் 'கொல்லை' என்றால் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளப் போயிருந்தேன், நந்தினிக்குத் தெரியாமல். மழைக்குப் பின் வெயில். பலாப்பழ வாசனை, ஈரச் சாக்கு வாசனை, யாரோ பஜ்ஜி போடுகிற எண்ணெய்.

பூங்காவனம் அக்கா சாக்கு விரித்துச் சாமை விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா பாப்பா, மாத்திரைக்காரி வர்லியா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள், மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றார். தெரிந்த ஆள்தான் போல.

"இன்னா பூங்காவனம், படி முழுசா கீதா?"

"உன் கண்ணு இன்னா பொட்டையா? பாத்து வாங்கு."

"நானு பாப்பேன். நீ பாத்து அளக்கறியா, இல்ல வூட்டு பின்னாடி நின்னுகினு மேட்டுக்கு அந்தாண்ட அளக்கறியா?"

சுற்றியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "போடா, வெளங்காதவனே" என்றார். ஆனால் அளந்த படியை மறுபடி சாக்கில் கொட்டினார். மறுபடி அள்ளி, கையால் தடவி மட்டம் பார்த்து, அந்த ஆள் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டுப் பையில் போட்டார்.

அடுத்து ஒரு அம்மாள் வந்தார். கேலி எதுவும் பேசாதவர். அவருக்கும் அக்கா படியைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போட்டார்.

"ஏன்க்கா எல்லாருக்கும் காட்டறீங்க?"

"கோர்ட்டே எழுதிட்ச்சே பாப்பா, இது சொல்றத நம்ப முடியாதுன்னு. மரம் போனா போவுது. நாளைக்கு எம் பொண்ண கேட்டு வர்றவனும் இதத்தான் கேப்பான், உங்கம்மா பொய் சொல்ற ஆளாமேன்னு."

சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த ஆளுக்கு அளக்கப் போய்விட்டார். என் பையில் நோட்டு இருந்தது. மூன்று வாரமாக எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போனேன், வீட்டில் வைத்தால் நந்தினி கண்ணில் பட்டுவிடும் என்று.

அடுத்த பஸ்ஸில் மலை இறங்கினேன். வீட்டுக்கு வந்து நோட்டை நந்தினி மடியில் போட்டேன். "ஹாஸ்டல்ல இல்ல. அன்னிக்கே பையிலதான் இருந்திச்சி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நோட்டை எடுத்தாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

அவ்வளவுதான். ஏன்டி என்று கேட்கவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். 'கொள்ளு புடுங்கிகினு' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அந்த வரியைப் பார்த்து அழத் தோன்றவே இல்லை.

காரணம் எழுதுகிற இடம்

வக்கீல், நோட்டை மட்டும் வைத்து ஒன்றும் ஆகாது என்றார். எழுதியவள் சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் தர வேண்டும். கைடுக்குப் போன் போட்டேன்.

"தாராளமா கொடு" என்றார். "ஆனா நீ அந்தக் கேஸ்ல சாட்சி ஆயிடற. அப்புறம் அதை நீயே ஆராய்ச்சி பண்ண முடியாது. உன் ஷீட்லேர்ந்து எடுத்துடு. கட்டுரையும் வேண்டாம். நந்தினி எழுதட்டும்."

பாதி முடித்திருந்த கட்டுரை லேப்டாப்பில் திறந்தபடியே இருந்தது. நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். வேறு யாராக இருந்தாலும் கொடுத்திருப்பேன். இவளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அம்மா, "இன்னாடி, பேய் அடிச்சிட்ச்சா?" என்றாள். மூன்றாம் நாள் வக்கீலிடம் கிளம்பினேன்.

முடிவைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு: மேல் கோர்ட் கேஸை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அதே நீதிபதி. அக்கா கூண்டில் ஏறி, "கொல்லையில" என்று ஆரம்பித்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்த இடம், என்ன வேலை, முழுசா சொல்லுங்கம்மா" என்றார். அக்கா சர்வே நம்பரிலிருந்து ஆரம்பித்தார். "நம்பரோட சொல்லிட்டேன் பாப்பா, இப்ப எவன் மாத்துவான்?" என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். இந்த வருடப் புளி அவர் வீட்டு வாசலில்தான் காய்ந்தது.

அதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு மறக்காத நாள், கையெழுத்துப் போட்ட நாள்.

வக்கீல் ஆபீஸ். சின்ன அறை, பழைய கட்டுகளின் தூசி வாடை. அக்கா, நந்தினி, நான், மூன்று பேரும் ஒரே பெஞ்சில். அப்பீல் கெடு அதற்குள் தாண்டிவிட்டிருந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு போட வேண்டும். வக்கீலே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி கோர்ட்ல கேட்டு எழுதுன நோட்டு. சரி. அது உன்கிட்டயே இருந்திச்சி. சரி. அப்புறம் ஏம்மா அப்பவே குடுக்கல? தாமதத்துக்குக் காரணம்னு ஒண்ணு எழுதணுமே."

அக்கா என் பக்கம் திரும்பினார். நோட்டு எப்போதும் என்னிடமே இருந்தது என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"எத்தினி நாளு வச்சினு இருந்த பாப்பா?"

"மூணு வாரம்க்கா."

அவர் விரல் மடக்கி எண்ணினார். அந்தச் சந்தை நாளும் அந்த மூன்று வாரத்துக்குள்தான் வருகிறது என்று கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"சொல்லும்மா, இன்னா காரணம்?" என்றார் வக்கீல்.

"பொறாமை சார்."

அவர் விரல் நின்றது. "இன்னா?"

"பொறாமை. நானு கண்டுபிடிக்காதத இவ கண்டுபிடிச்சிட்டாளேன்னு."

நந்தினி தரையைப் பார்த்தாள். வக்கீல் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் கோர்ட்டுக்கு எழுத முடியாதும்மா. 'தவிர்க்க இயலாத காரணங்களால்'னு போட்டுக்கறேன். எல்லாரும் அப்டித்தான் போடறது."

தட்டிவிட்டு, சத்தமாகப் படித்துக் காட்டினார். இதே மூன்று வார்த்தைகளை நான் எத்தனையோ காகிதங்களில் பார்த்திருக்கிறேன். காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பி, கட்டத்தில் எண்ணைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

அக்கா என் முழங்கையை இடித்தார்.

"தவிர்க்க இயலாத காரணம்னா இன்னா பாப்பா?"

"தள்ளவே முடியாததுக்கா. நம்மால ஒண்ணியும் பண்ண முடியாதது."

"அப்டி இன்னா வந்துச்சி உனக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கை நீட்டிக் காட்டினேன்.

"இவதான்க்கா."